பாதி வெட்டிய தலை

அந்தத் தெருவில் பாதிப் பேர் சலூன்காரரின் வாய்க்காகவே முடி வெட்டிக்கொள்ளப் போவார்கள். வழுக்கைத் தலைக்காரர் வந்து உட்கார்ந்தால், "உங்களுக்கு வெட்டுற கூலி கம்மிதான் சார், தேடுற கூலிதான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். மனைவிக்குச் சில வருடங்களாக மனநோய். சில வாரம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடப்பாள். சில வாரம், குழாய்த் தண்ணீரில் யாரோ என்னவோ கலக்கிறார்கள் என்று பயந்து நடுங்குவாள். மாத்திரை கொடுத்து, சாப்பிட வைத்துவிட்டுக் கடைக்கு ஓடுவார். நடுவில் ஓடிவந்து எட்டிப் பார்ப்பார். யாராவது கேட்டால், "ஒத்தைத் தலைவலி" என்பார். பக்கத்துத் தெருவில் இருந்த அவளுடைய அண்ணனும் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். நாற்காலியில் இருந்தவர் கண்ணாடியில் வாசலைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுங்களை எல்லாம் எதுக்கு வெளியில விடறாங்க? வீட்டுல ஆள் இல்லையா?"

சலூன்காரர் திரும்பினார். மனைவி செருப்பில்லாமல் நடுரோட்டில் நின்றிருந்தாள்.

"ஆள் இருக்கேன் சார். அது என் சம்சாரம்."

கத்தரியும் கையுமாகப் போய் அவளை அழைத்து வந்தார்.

"தண்ணி சரியில்லைங்க" என்றாள்.

"சரிம்மா, இங்கேயே உக்காரு."

பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பாதி வெட்டிய தலைக்காரர் மீதியை வெட்டி முடிக்கும்வரை கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே மச்சான் வீட்டுக்குப் போனார்.

"நான் வந்து என்ன மாப்பிள்ளை பண்ணப்போறேன்? என்கிட்ட அவ பேசவே மாட்டா."

"என்கிட்ட மட்டும் பேசறாளா? சும்மா பக்கத்துல உக்காருங்க மச்சான். என்னால முடியல."

முடியல என்ற சொல் அதுவரை அவர் வாயில் வந்ததே இல்லை. சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த ஞாயிறு மச்சான் வந்தார். தங்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் எழுந்து போய்விட்டார். ஆனாலும் மறுவாரம் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். ஒருநாள் கடைக்குப் போன் செய்தார்.

"ஃபேனை நிறுத்துண்ணான்னு சொன்னா மாப்பிள்ளை. அண்ணான்னு கூப்பிட்டா."

நோய் போய்விடவில்லை, நல்ல வாரமும் கெட்ட வாரமும் மாறி மாறித்தான் வருகின்றன. ஆனால் இப்போதெல்லாம் ஞாயிறு மத்தியானம் கூட்டம் குறைந்ததும் சலூன்காரர் வீட்டுக்கு ஓடுவதில்லை. வாடிக்கையாளர் நாற்காலியிலேயே சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணயர்கிறார்.