காந்திமதிநாதன் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது

காந்திமதிநாதனுக்கு மதுரையைத் தாண்டினால் வயிறு ஒத்துக்கொள்ளாது. பதவி உயர்வு கொடுத்துச் சென்னைக்கு மாற்றியபோது, வேண்டவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பாளையங்கோட்டை கருவூலத்திலேயே ஓய்வு பெற்ற மனுஷன். அவர் ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்று அந்த நாட்டு அரசாங்கம் உத்தரவு போட்டிருப்பதாகப் போன ஆனி மாதம் டிவியில் சொன்னார்கள். மகாராஜநகரில் நான் அவருக்குப் பக்கத்து வீடு. உரக்கடை திறக்கக் கிளம்பிய என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் டிவி முன்னால் நிறுத்தினார். திரையின் அடியில் அவர் பெயர் ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகன் கார்த்திகேசன் அந்த நாட்டில் ஓர் ஐரோப்பிய எண்ணெய்க் கம்பெனியில் இருக்கிறான். எடுக்கிற எண்ணெய்க்கு அந்த நாட்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திடுகிற வேலை. பல வருஷமாகக் குறைத்துக் கட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்று புதிதாக வந்த அரசாங்கம் குற்றம் சொல்லி, அந்தப் பிரிவில் இருந்த ஐந்து பேரின் பாஸ்போர்ட்டையும் பிடுங்கி ஒரு ஓட்டலில் அடைத்துவிட்டது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த ஏஜென்ட், அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டு நிரப்பிவிட்டான். வெளிநாட்டுக்காரனுக்கு அதுதான் ஆளின் பெயர். கார்த்திகேசனை அங்கே எல்லோரும் மிஸ்டர் காந்திமதிநாதன் என்றுதான் கூப்பிடுவார்களாம்.

இதெல்லாம் அவருக்கும் தெரியும். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. கருவூலத்தில் அடுத்தவன் காசில் ஒரு டீ குடிக்காதவர் அவர். உழவர் சந்தையில் பழைய கூட்டாளி ஒருவர், எண்ணெய்க் கிணறு எத்தனை வாங்கிப் போட்டிருக்கிறீர் என்று கேலி பண்ணியதும், வாங்கிய கத்தரிக்காயை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். மகனை நினைத்து அழுவார். கண்ணைத் துடைத்த கையோடு பெயர் கெட்டுப்போச்சே என்று பொருமுவார். எதற்கு ஆறுதல் சொல்வதென்று எனக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய குழப்பம், யார் பக்கம் நிற்பது என்பது. கம்பெனியின் சொந்த நாட்டு மந்திரி, எங்கள் ஆட்களை விடாவிட்டால் கடனுதவி நின்றுபோகும் என்று ஒரு நாள் மிரட்டுவார். மறுநாள் அந்த ஆப்பிரிக்க அரசாங்கம் மந்திரியின் நாட்டுத் தூதரைக் கூப்பிட்டுக் கண்டிக்கும். அதற்கடுத்த நாள் இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டு நிற்பார்கள். இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று டெல்லியிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. கார்த்திகேசன் எந்தத் தரப்பு என்று அதில் இல்லை.

"நம்ம ஆத்துல மணல் அள்ளுதவன் கட்ட வேண்டியதக் கொறச்சுக் கட்டுனா நாம கேப்பமா மாட்டமாவே?" என்றார் காந்திமதிநாதன் ஒரு சாயங்காலம். "அதத்தான அந்த ஊர்க்காரன் கேக்கான். அவனப் போயி மிரட்டுதானுவ. நியாயமாப் பாத்தா நான் அவன் கட்சி. ஆனா எம் புள்ள இவனுவ கூடல்லா இருக்கான்."

நான் உப்புக்குச் சப்பாணியாகத் தலையை ஆட்டிவைத்தேன்.

இந்த லட்சணத்தில் உள்ளூர் யூடியூப் சேனல்காரன் ஒருவன் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே. வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக உட்கார்ந்து, காந்திமதிநாதன் நான்தான், நான் ஒரு தப்பும் செய்யவில்லை, என் மகன் பெயர் கார்த்திகேசன் என்று கணீரென்று பேசினார். தெருவே பாராட்டியது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். எவனோ அதை இங்கிலீஷில் எழுத்துப் போட்டுச் சுற்றில் விட, அந்த நாட்டுப் பேப்பர் வரைக்கும் போய்விட்டது. உண்மையான காந்திமதிநாதன் இந்தியாவில் இருக்கிறார், அப்படியானால் அவர் பெயரில் இங்கே கையெழுத்துப் போட்டவன் யார் என்று கேட்டார்கள்.

அதே வாரம் மந்திரி நேரில் போய் உடன்பாடு செய்துகொண்டார். கம்பெனி கொஞ்சம் பணம் கட்டும், ஆட்களை விட்டுவிடுவார்கள். நான்கு பேர் விமானம் ஏறினார்கள். கார்த்திகேசனை மட்டும், ஆள் யாரென்று தெளிவாகட்டும் என்று நிறுத்திவைத்தார்கள். அதற்குப் பிறகு காந்திமதிநாதன் மனைவி அன்னத்தாய் மதினி அவரோடு பேசவில்லை. நேரத்துக்குச் சாப்பாடு மட்டும் எடுத்து வைத்தார்.

நம் தூதரகம் ஒரு வீடியோ கால் ஏற்பாடு செய்தது. தமிழ் தெரிந்த அதிகாரியம்மா ஒருவர், பக்கத்தில் அந்த நாட்டு விசாரணை அதிகாரி, ஓரத்தில் தாடியும் மீசையுமாகக் கார்த்திகேசன். இந்தப் பக்கம் காந்திமதிநாதனுக்குத் துணையாக நான் இருந்தேன். இனிஷியல் என்றால் என்ன, அப்பா பெயர் ஏன் முன்னால் வருகிறது, அவருடைய அப்பா பெயர் எங்கே போனது என்று காந்திமதிநாதன் ஆதியோடந்தமாக விளக்கினார். அந்த அம்மா மொழிபெயர்க்க மொழிபெயர்க்க விசாரணை அதிகாரியின் நெற்றி சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில், காந்திமதிநாதன் ஒருவரா இருவரா என்று மட்டும் கேட்டார்.

இவர் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒருத்தன்தாம்மா. அவன்தான் காந்திமதிநாதன்" என்றார்.

"அப்போ நீங்க சார்?"

"நான் அவன் அப்பா. அவ்வளவுதான்."

அடுத்த வாரமே கார்த்திகேசன் தூத்துக்குடி விமான நிலையத்தில் வந்து இறங்கினான். நானும் காரில் போயிருந்தேன். மதினி அவன் கன்னத்தைத் தடவித் தடவி அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை நான் கடை திறந்ததுமே காந்திமதிநாதன் வந்து உரமூட்டை மேல் உட்கார்ந்தார். ராத்திரி சாப்பிடும்போது மகனிடம் கேட்டுவிட்டாராம், அந்தப் பணம் உண்மையாகவே குறைத்துத்தான் கட்டப்பட்டதா என்று. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, ஆமாம் அப்பா, தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன் என்றானாம்.

"அந்த ஊர்க்காரன் சொன்னது சரிதாம்வே" என்றார். "காந்திமதிநாதன்தான் செஞ்சிருக்கான்."