மூன்று நாற்பதுக்கு ஸ்டெல்லா சொன்னது

1. காற்று விழுந்த நாள்

ஆரல்வாய்மொழி கணவாய்க்குக் கீழே ஒரு சப்ஸ்டேஷனில், அதாவது துணைமின் நிலையத்தில், ஷிப்ட் இன்ஜினியராக இருந்தேன். சுற்றியுள்ள காற்றாலைகளின் மின்சாரம் எங்கள் வழியாகத்தான் மாநில மின்தொகுப்பான கிரிட்டுக்குப் போகும். ஆடி மாதம், நல்ல காற்று. என்னோடு ஷிப்டில் இருந்த ஆபரேட்டர் ஸ்டெல்லா, ஒரு நாள் பிற்பகல் மூன்று நாற்பதுக்கு என் மேசைக்கு வந்தார்.

"சார், கணவாய் வாசல்ல உள்ள லைன்ல ஆம்ப்ஸ் எறங்குது. மலையில மழை கறுத்துக்கிட்டு வருகு. இன்னும் அரைமணிக்கூர்ல மத்த லைனும் படுத்துரும். டெஸ்பாட்சுக்குச் சொல்லிருவமா?"

டெஸ்பாட்ச் என்பது சென்னையில் இருக்கும் மின்சுமைக் கட்டுப்பாட்டு மையம். எந்த நிமிடமும் உற்பத்தியும் தேவையும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. அரைமணி நேரம் முன்னால் தெரிந்தால் அணைப்பக்கம் நீர்மின் யூனிட்டை ஓட்டுவார்கள், அல்லது மின்சந்தையில் அடுத்த கால்மணிக்கு மின்சாரம் வாங்குவார்கள். தெரியாவிட்டால் ஒரே வழிதான். யாருக்காவது கரண்டை நிறுத்த வேண்டும்.

எனக்கு இது தெரியாதது அல்ல. முந்தின வாரம் இதே ஸ்டெல்லா சொல்லி, நான் டெஸ்பாட்சுக்குச் சொல்லி, காற்று விழவில்லை. யூனிட்டை வீணாக ஓட்டினார்கள். மேலதிகாரி போனில், "காத்துக்கு ஜோசியம் பாக்கவாய்யா உனக்குச் சம்பளம்? கம்ப்யூட்டர்ல ஃபோர்காஸ்ட் வருதுல்ல, அதைப் பாரு" என்றார். அந்தச் சொல் உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது.

ஃபோர்காஸ்டில் ஆறு மணிவரை காற்று இருந்தது. "கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லல்லியே ஸ்டெல்லா. பேசாம இரி" என்றேன்.

அவர் போய் ஷிப்ட் பதிவேடான லாக் புக்கில் எழுதினார்.

நாலே காலுக்கு எங்கள் உற்பத்தி பாதிக்குக் கீழே விழுந்தது. டெஸ்பாட்சிலிருந்து போன்: "உடனே லோடு குறைங்க. இப்பவே." ஊர்ப்பக்கம் மின்சாரம் கொண்டுபோகும் இரண்டு ஃபீடர் லைன்களை என் கையால் டிரிப் செய்து நிறுத்தினேன். அதில் ஒன்றில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. சிசேரியன் நடந்துகொண்டிருந்த நேரம். அங்கே ஜெனரேட்டர் பிடிக்கவில்லை. செல்போன் வெளிச்சத்தில் தையல் போட்டு முடித்தார்களாம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுநாள் டாக்டர் புகார் எழுதினார்.

2. விசாரணை

பத்து நாள் கழித்து விசாரணை. லாக் புக்கைத் திறந்து வைத்துக்கொண்டு அதிகாரி கேட்டார். அதில் "3.40. கணவாய் லைனில் மின்னோட்டம் குறைகிறது" என்று மட்டும் இருந்தது. என்னிடம் சொன்னதாக எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இப்போது நினைத்தால், என்னை மாட்டிவிட வேண்டாம் என்றுதான் இருக்கும்.

"பாத்திருக்கீங்க, எழுதியிருக்கீங்க. இன்ஜினியர்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னேன் சார்."

அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்குப் பிரமோஷன் லிஸ்ட் வரவிருந்தது.

"எனக்கு ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

ஸ்டெல்லா திரும்பி என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

மெமோ அவருக்கு. மலையோர சப்ஸ்டேஷனுக்கு மாற்றமும் வந்தது. கணவர் மஸ்கட்டில். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பஸ் இல்லாத ஷிப்டுக்கு அவரால் போய்வர முடியவில்லை. ஆறு மாதத்தில் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டார். எனக்குப் பிரமோஷன் வந்தது.

3. வடசேரியில்

ஓய்வு பெற்ற பிறகு, வடசேரி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஒரு ஸ்கூல் ஆபீசில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவரே பேசினார்.

"காத்து நின்னதுக்கு நீங்க என்ன செய்வீய சார்? கரண்ட ஆஃப் பண்ணினதும் உத்தரவாக்கும். அதிலொண்ணும் எனக்கு வருத்தம் இல்ல. ஞாபகம் இல்லன்னு சொன்னியளே, அன்னைக்கு வீட்டுக்குப் போயி, நான் உள்ளபடியே சொன்னேனா இல்லியான்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு. ஒரு வருசம் அந்த யோசனையிலேயே கெடந்தேன்."

"நீங்க சொன்னீங்க ஸ்டெல்லா. மேசைக்குப் பக்கத்துல நின்னு சொன்னீங்க. எனக்கு அன்னைக்கே நல்லா ஞாபகம் இருந்தது."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இத அங்க வச்சுச் சொல்லியிருக்கணும் சார்" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அந்த வாரமே உள்ளதை எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினேன். கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு நல்ல ஃபோர்காஸ்ட் இருக்கிறது, மின்சாரத்தைச் சேமித்துவைக்கப் பேட்டரி வருகிறது. இருக்கட்டும். மீட்டர் முன்னால் நிற்கிறவர் சொல்வதை அவர் பெயரோடு எழுதிவையுங்கள், தப்பாகப் போனாலும் திட்டாதீர்கள். ஸ்டெல்லா போன பிறகு ஓய்வு பெறும்வரை எத்தனையோ காற்றுக் காலம் பார்த்தேன். என் ஷிப்டில் ஒரு ஆபரேட்டர்கூட, காற்று விழப்போகிறது என்று என் மேசைக்கு வந்து சொன்னதில்லை.