காட்டு மங்கு

குட்டிம்மா, நீ போய் ஆறு மாதம் கழித்து, எண்பத்தாறில், நீ சொன்ன காட்டு மங்கைப் பார்க்கப் போனேன்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மங்கு என்பது எங்கள் மலேசியத் தோட்டங்களில் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணம். பத்தாங் பெர்ஜுந்தைக் காட்டை ஒட்டி அப்போது நாங்கள் இருந்த தோட்டத்தில் மங்குகள் காணாமல் போன வாரம், என் பத்து வயது மகள் உடம்பெல்லாம் சேறாக வந்து, "காட்டுல ஒரு மங்கு எடுத்தேம்மா, அது பூச்சி திங்குது. வழியில விழுந்துருச்சு" என்றாள். திருடிவிட்டுப் பொய் சொல்கிறாள் என்று அடித்துவிட்டேன். அடுத்த மாதமே காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. திருடினாளா இல்லையா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோல சிலாங்கூரில் காலை ஏழரை மணி பஸ். பத்தாங் பெர்ஜுந்தைக்கு ஒரு மணி நேரம், டிக்கெட் ஒரு வெள்ளி இருபது காசு. அங்கே காசிம் பாயின் டாக்சி.

"எல்லாரும் மின்மினி பார்க்கப் போவாங்க லா. நீங்க பூச்சி திங்கிற செடியக் கேக்குறீங்க!" என்று சிரித்தார். முன்பு அந்தக் காட்டில் மரம் வெட்டியவராம்.

நாலு மைலில் பழைய ஈயச் சுரங்கத்து மணல். தரையோடு தரையாகச் சிவப்புச் செடி, இலை முழுக்கப் பசைத் துளி. அதில் ஒட்டிய கொசு காலை இழுக்க இழுக்க இன்னும் ஒட்டியது. இது மங்கு இல்லை.

பக்கத்துக் குட்டையில் மஞ்சள் பூ. "இதுக்குத் தண்ணிக்குள்ள குட்டிக் குட்டிப் பை. பூச்சி முட்டுனா உள்ள உறிஞ்சிரும்" என்றார். இதுவும் மங்கு இல்லை.

இன்னும் இரண்டு மைல் தள்ளிச் சதுப்புக் காடு. வானம் கறுத்திருந்தது.

"மழை வந்தா வண்டி மாட்டிக்கும். திரும்பிரலாம்மா."

"கொஞ்ச தூரம் பாய். வேணும்னா நீங்க வண்டியிலயே இருங்க."

"பொம்பளைய விட்டுட்டு உக்கார்றதுக்கா வந்தேன்?" என்று முனகிக்கொண்டே கூட வந்தார்.

ஒரு மரத்தடியில் கொத்தாக இருந்தன. இலை நுனியில் தொங்கும் கிண்ணங்கள், பாதி வரை தண்ணீர். ஓர் எறும்பு விளிம்பில் நடந்தது, வழுக்கி உள்ளே விழுந்தது. ஏறியது, வழுக்கியது. அசைவு நிற்கும் வரை பார்த்தேன்.

"மலாய்க்காரங்க இதைக் குரங்குச் சட்டின்னுவாங்க" என்றார் பாய்.

"மங்கு பாய். இது மங்குதான்."

போகிறவர்கள் நீளமான ரப்பர் பூட்ஸ் போடுங்கள். மதியத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள். செடியைப் பிடுங்காதீர்கள். தனியாகப் போகவே போகாதீர்கள். திரும்பும்போது எனக்கே தொடை வரை புதைந்துவிட்டது, பாய் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

குட்டிம்மா, அந்தச் சேத்துல உன்னை யாரும்மா இழுத்துவிட்டா?