ஆறாம் நம்பர் நாக்கும் கறிவேப்பிலைப் பொடியும்

ருசி மதிப்பீட்டாளர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று அந்த உணவு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. எந்த உணவின் மீதும் தனிப்பட்ட விருப்போ வெறுப்போ இல்லாதவர், முன்முடிவுகள் அற்றவர், புதிய உணவுகளை ஆர்வத்தோடு வரவேற்பவர், சுவைக்கும்போது முகக்குறிப்பு காட்டாதவர். மதிப்பீட்டாளர் எண் ஆறு மேற்கண்ட தகுதிகள் யாவும் உடையவர் என்று அடியில் சான்றும் முத்திரையும் உண்டு.

எண் ஆறு என்பவர் கணக்குப் பிரிவு அழகியநம்பி. திருவனந்தபுரத்தில் வலியசாலைத் தெரு ஒன்றில் பிறந்து, அதே தெருவில் குடித்தனம் நடத்துகிறவர். பூர்வீகம் நாஞ்சில் நாடு. ஓட்ஸ் சாப்பிடுகிறவர்கள் ஏதோ தண்டனை அனுபவிக்கிறார்கள் என்று உண்மையாகவே நம்புகிறவர். சிவப்புப் புழுங்கலரிசிச் சோற்றுக்குச் செங்கல் சோறு என்று பெயர் வைத்தவர். கல்யாண வீட்டில் பாயசம் குடித்துவிட்டு, பாலுக்கு அவசரம் என்பார். பஸ் ஸ்டாண்டு ஓட்டல் சாம்பாரைத் தொட்டுவிட்டு, பருப்புக்கு அவசரம் என்பார். உலகத்தில் எல்லாப் பண்டத்தையும் அதற்குரிய நேரம் கொடுக்காமல் அடுப்பிலிருந்து இறக்கிவிடுகிறார்கள் என்பது அவர் கட்சி. முகக்குறிப்பைச் சொல்லவே வேண்டாம். முருங்கைக்கீரை பிஸ்கட்டைக் கடித்தபோது அவர் காட்டிய முகத்தைப் பார்த்து, பக்கத்துத் தடுப்பில் இருந்தவர் தன் பிஸ்கட்டைத் தொடாமலே திருப்பி அனுப்பிவிட்டார்.

பிறகு எப்படி எடுத்தார்கள் என்றால், கணக்குப் பிரிவு பக்கத்து அறை. கூப்பிட்ட நேரத்துக்கு வருவார். பீடி, வெற்றிலை கிடையாது, பல் அத்தனையும் சொந்தப் பல். ஆளெடுக்கும்போது இவ்வளவுதான் பார்த்தார்கள்.

ருசிப் பிரிவின் தலைவர் டாக்டர் ஷீஜா அவரை நீக்கிவிடத்தான் முதலில் நினைத்தார். அதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பார்த்தார். ஒரே பண்டத்தை இரண்டு கிண்ணத்தில் வைத்து, வேறு வேறு எண் போட்டு அனுப்பினார். மற்றவர்கள் ஒன்றுக்கு ஐந்தும் ஒன்றுக்கு எட்டும் போட்டார்கள். அழகியநம்பி இரண்டுக்கும் மூன்று போட்டார். அடுத்த மாதமும் அப்படியே. வெறுப்பு இவ்வளவு சீராக இருந்தால் அதைக் கூட்டிக் கழித்துக்கொள்ளலாம் என்று ஷீஜா முடிவு செய்து அவரை வைத்துக்கொண்டார். ஷீஜா மலையாளத்தில் பேசுவார், இவர் தமிழில் பதில் சொல்வார். மற்றவர் தன் பாஷையில்தான் பேசுகிறார் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வேலையில் அழகியநம்பி கற்றுக்கொண்டதும் உண்டு. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பச்சரிசியைத் தீட்டத் தீட்ட அந்தச் சத்து தவிட்டோடு வெளியே போகிறது என்பதை எவரையும் நிறுத்தி வைத்து விளக்குவார். விளக்கிவிட்டு வீட்டுக்குப் போய் வெள்ளை வெளேரென்ற பச்சரிசிச் சோறு சாப்பிடுவார். நிலையத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். சத்து ஏற ஏற மதிப்பெண் இறங்கும். எண்ணெயில் பொரித்ததற்கு ஒன்பதுக்கு ஒன்பது விழும். ஆய்வகத்தில் மில்லிகிராம் மில்லிகிராமாகக் காப்பாற்றிய சத்து, தட்டில் மீந்து வாளிக்குப் போவதைப் பார்த்து ஷீஜா பெருமூச்சு விடுவார்.

வீட்டில் அழகியநம்பி வேறு ஆள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் புளிக்குழம்பைப் பற்றி ஏதோ சொல்லப்போக, மனைவி சிவகாமியம்மாள் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து முப்பது வருஷமாக, அவர் எதை வைத்தாலும் "நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசியதில்லை. ஊராரின் சாம்பாருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லும் வாய், தன் வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்படும்.

மகள் வேலைக்காகப் பெங்களூருக்குப் போன பிறகு சிவகாமியம்மாள் பக்கத்துத் தெரு ஜெயஷீலா நடத்தும் பெண்கள் குழுவில் சேர்ந்தார். குழுவுக்கு நிலையத்தில் பயிற்சி கொடுத்தார்கள். வீட்டுக்காரரிடம் கிளாஸ் என்று மட்டும் சொல்லியிருந்தார். அங்கேதான் அவருக்கு ஒரு விஷயம் மனதில் தைத்தது. கறிவேப்பிலையைக் கருக வறுத்தால் மணம் ஏறும், ஆனால் இலையில் இருக்கும் சத்தில் பெரும்பகுதி அந்தச் சட்டியிலேயே போய்விடும். வெயிலில் போட்டாலும் நஷ்டம். நிழலில், அல்லது மெல்லிய சூட்டில் இயந்திரத்தில் உலர்த்தினால் பச்சையும் நிற்கும், சத்தும் நிற்கும். இத்தனை வருஷம் சத்தை வறுத்து வறுத்துப் புகையாக அனுப்பியிருக்கிறோமே என்று சிவகாமியம்மாளுக்கு ஆற்றாமையாகிவிட்டது. இயந்திரத்தில் உலர்த்திய இலையைச் சட்டியில் காட்டாமலே அரைத்து, குழுவின் பெயரில் ஒரு கறிவேப்பிலைப் பொடி செய்தார். கிளியின் நிறம். ஆய்வகத்தில் சத்தை அளந்து பார்த்துவிட்டு ஷீஜா அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. ருசியில் ஒன்பதுக்கு ஆறு வாங்கிவிட்டால் நிலையத்தின் சான்று கிடைக்கும்; ஓர் ஆஸ்பத்திரி கேண்டீன் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தது. சிவகாமியம்மாள் சமைத்ததற்கு அதுவரை வீட்டுக்கு வெளியே யாரும் பெயர் வைத்ததில்லை.

ருசி பார்க்கும் அறை சின்னச் சின்னத் தடுப்புகள் கொண்டது. மேலே சிவப்பு பல்பு எரியும். பண்டத்தின் நிறம் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்காக. எல்லாம் ஒரே சிவப்பாகத் தெரியும். அன்று சிறு ஜன்னல் வழியாக ஒரு கிண்ணம் வந்தது. சோறு, நல்லெண்ணெய், பொடி. முதல் வாயில் மிளகு. இரண்டாவது வாயில் வெந்தயம். கறிவேப்பிலைப் பொடியில் மிளகோடு நாலு வெந்தயம் போடுகிற பெண்பிள்ளை அழகியநம்பிக்குத் தெரிந்து இந்த ஊரில் ஒருத்திதான் உண்டு.

செய்தவர் யாரென்று தெரிந்தால் உடனே கையைத் தூக்கிவிட்டு வெளியே போக வேண்டும். விதி அது. அழகியநம்பி கையைத் தூக்கவில்லை. சிவகாமியின் சமையல் எப்படி இருக்கிறது என்று முப்பது வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் அவரைக் கேட்கிறார், எதிரே சிவகாமியின் முகம் இல்லை. நாலு போட்டார். குறிப்பு எழுதும் இடத்தில், இலைக்கு அவசரம் என்று எழுதினார்.

பொடி தேறவில்லை. ஷீஜா குழுவைக் கூப்பிட்டு, யார் எழுதியது என்று சொல்லாமல் மதிப்பெண்களையும் குறிப்புகளையும் வாசித்தார். பச்சை வாடை என்று ஒருவர். புல் தின்பது போல என்று ஒருவர். மூன்றாவதாக, நாலு, இலைக்கு அவசரம். அதைக் கேட்டு ஜெயஷீலா சிரித்தார். சிவகாமியம்மாள் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் காப்பியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"இன்னைக்கு ஆபீசுல என்ன தின்னீங்க?"

"என்னமோ பொடி."

"எப்படி இருந்தது?"

அழகியநம்பி காப்பியை ஆற்றத் தொடங்கினார்.

"சொல்லுங்க. ஊர்ப் பந்தியில எல்லாம் வாய் கிழியச் சொல்லுதீங்கல்ல. என்னோடதுன்னு தெரியாமத்தான் எழுதினீங்களா?"

"தெரிஞ்சுதான் எழுதினேன்."

"இங்க முப்பது வருசமாட்டு நல்லா இருக்கு. அங்க போனா நாலு. இதுல எது கள்ளம்?"

"நாலு நெசம். நல்லா இருக்குன்னதும் கள்ளம் இல்ல, சிவாமி. அது வேற கணக்கு."

"கணக்கப்பிள்ளை பேச்செல்லாம் ஆபீசோட வச்சுக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு சிவகாமியம்மாள் எழுந்து போனார். அன்று அவர் சாப்பிட்டார். இவர்தான் சரியாகச் சாப்பிடவில்லை.

மாதக் கடைசியில் இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு என்றும் அதிலும் தேறாவிட்டால் மூன்றாவது கிடையாது என்றும் ஷீஜா சொல்லியிருந்தார். பழையபடி கருக வறுத்துக் கொடுத்துவிடுவோம், எல்லாரும் ஒன்பது போடுவார்கள் என்றார் ஜெயஷீலா. சிவகாமியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. சத்து போன பொடிக்கு எதற்கு இத்தனை படிப்பு? அதே சமயம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவன் ஒதுக்கி வைக்கிற பொடியில் எவ்வளவு சத்து இருந்து என்ன? அவருக்கு இரண்டும் வேண்டியிருந்தது. அதற்கு வீட்டிலேயே ஒரு நாக்கு வேண்டும்.

நாக்கு இருந்தது. ஆனால் அது வீட்டில் வேலை செய்ய மறுத்தது. மூன்று கிண்ணம் வைத்தால் மூன்றுக்கும் நல்லா இருக்கு. திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். மனிதர் மனைவியின் முகத்தைப் பார்ப்பார், வாய் தானாக நல்லா இருக்கு என்று சொல்லும். மறுநாள் சிவகாமியம்மாள் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு சிவப்பு பல்பு வாங்கிவந்து அடுக்களையில் மாட்டினார். அவரைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்து, கிண்ணங்களில் எண் எழுதி வைத்துவிட்டு, விளக்கைப் போட்டுவிட்டு, தான் பின்கட்டுக்குப் போய்விட்டார். என்னம்மா, வீட்டில் ஏதும் விசேஷ பூஜையா என்று கேட்டுக்கொண்டு ஜெயஷீலா வந்தபோது, உள்ளே பரீட்சை நடக்கிறது என்றார்.

சிவப்பு வெளிச்சத்தில் அழகியநம்பி உண்மை பேசினார். இலையைச் சட்டியிலேயே வறுத்ததற்கு ஏழு. ஆனால் பச்சை போய்விட்டது, அதனால் சிவகாமியம்மாளுக்கு அது வேண்டாம். பருப்பையும் மிளகையும் மட்டும் சிவக்க வறுத்து, இலையை இயந்திரத்திலிருந்து அப்படியே சேர்த்ததற்கு ஐந்து. வாடை இன்னும் இருக்கிறது. பிறகு சிவகாமியம்மாள் பருப்பை வறுத்து எடுத்து, அடுப்பை அணைத்து, அந்தச் சட்டியின் மிச்சச் சூட்டில் உலர்ந்த இலையை ஒரு புரட்டுப் புரட்டினார். கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும், அவ்வளவுதான். அன்று ஆறவிடாமல் அரைத்துவிட்டதால், புழுக்க வாடை, பொடிக்கு அவசரம் என்று தீர்ப்பு வந்தது. அடுத்த முறை தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவைத்து அரைத்தார். உள்ளே கிண்ணத்தை வழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு எட்டு என்று குரல் வந்தது. அந்தச் சூட்டோடு, போன வாரத்துப் புளிக்குழம்பில் உப்பு கொஞ்சம் முந்தியிருந்தது என்றும் சேர்த்துச் சொன்னார்.

"அதுக்கு இந்த லைட்டு இல்ல," என்று பின்கட்டிலிருந்து பதில் வந்தது.

ஆய்வகத்தில் மறுபடி அளந்தார்கள். முதல் பொடியைவிடச் சத்து சற்றுக் குறைவு, கருக வறுத்ததைவிட எவ்வளவோ மேல். இது மதி, இவ்வளவு போதும் என்றார் ஷீஜா.

இரண்டாவது ருசி பார்க்கும் நாளுக்கு முந்தின நாள், சோறு பரிமாறிக்கொண்டே சிவகாமியம்மாள் சொன்னார்: "நாளைக்கு ஒம்போது போட்டு எனக்கு வாங்கித் தந்துராதீங்க. அப்படி ஒரு சான்று எனக்கு வேண்டாம்."

"எட்டு?"

"அதுவும் வேண்டாம்."

"பின்னே என்னதான் போட?"

"ஒண்ணும் போடாதீங்க."

ஒன்றும் போடாமலிருக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், போன தடவையும் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தார் என்பது வெளியே வரும். அதோடு எண் ஆறு போய்விடும். உன் அபிப்பிராயம் என்ன என்று உலகத்தில் யாராவது சம்பளம் கொடுத்துக் கேட்ட இடம் அது ஒன்றுதான். கணக்குப் பிரிவில் அபிப்பிராயத்துக்குக் கட்டம் கிடையாது.

காலையில் கரமனை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, வழக்கத்தைவிட முன்னதாகவே போய் ஷீஜாவின் அறை வாசலில் நின்றார். பொடி தன் மனைவியுடையது என்றார்.

"அப்போ முதல் தடவையே தெரியுமா, சாரே?"

"ரெண்டாவது வாயிலேயே தெரியும்."

ஷீஜா பழைய மதிப்பெண்களை எடுத்து, இவருடைய நாலை நீக்கிவிட்டு மறுபடி சராசரி பார்த்தார். அப்போதும் ஆறு வரவில்லை. மற்றவர்களுக்கும் அது புல்லாகத்தான் இருந்திருக்கிறது. மனைவியைத் தான்தான் கவிழ்த்துவிட்டோம் என்று மாதம் முழுக்க மருகிய அழகியநம்பிக்கு இது ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. விதிப்படி இனி உங்களைக் கூப்பிட முடியாது சாரே என்று ஷீஜா வருத்தத்தோடுதான் சொன்னார்.

அன்று அந்தப் பொடி ஏழு வாங்கித் தேறியது. அழகியநம்பி ருசி அறைக்குள் போகவில்லை. போன தடவை தான் போட்ட நாலைத் தன் கையால் அடித்துக் கையெழுத்திட்டார், கணக்குப் பிரிவுக்குப் போய் உட்கார்ந்து மதியம் வரை மின்சார பில்களைச் சரிபார்த்தார்.