டொக்டர் சைமன் சனிக்கிழமை எடுத்த புத்தகம்

யோகராணி ஒரு பொய்யைச் சும்மா வெளியே அனுப்புகிறவர் அல்லர். அதற்குத் தலை சீவி, சட்டை போட்டு, வயிறு நிறையச் சாப்பாடும் கொடுத்துத்தான் அனுப்புவார். அவர் பெற்ற பொய்களில் செல்லப்பிள்ளை டொக்டர் சைமன். பாவம், அந்த மனிதர் பிறக்கவேயில்லை. ஆனாலும் இடுப்பு வலியால் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

யோகராணிக்கு எழுபத்தொரு வயது. மெல்பேர்ன், கோல்ஃபீல்டில் ஓர் அறை வீடு. கணவர் இறந்து மூன்று வருடம். மகன் பிரஷாந்தன் நகரத்தின் மறுகோடியில், ட்ருகனினாவில் இருக்கிறான்.

“அம்மா, இஞ்ச வந்து எங்களோட இருங்கோவன்.”

“வந்து? நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போனாப் பிறகு நான் அந்த வேர்ஹவுஸ் கூரையளை எண்ணிக்கொண்டு இருக்கவோ?”

வாய் என்னவோ பெரிதுதான். ஆனால் கோல்ஃபீல்டிலும் பேச ஆளில்லை. சில வாரங்களில் வியாழன் தொடங்கிச் செவ்வாய் வரைக்கும் அந்த வாய் பல் தீட்டவும், தண்ணீர் கொதிக்கச் சுணங்கும் கேத்தலைத் திட்டவும் மட்டுமே திறந்தது.

புதன்கிழமை மட்டும் வேறு. தெருமுனையில் யூதர்களின் தொழுகைக்கூடம். அதற்குள் ஒரு நூலகம். அயலில் உள்ள யாரும் சேரலாம். புதன் காலை பத்து மணிக்கு வாசகர் வட்டம். வாசலில் நிற்கும் காவலாளி இரண்டு வருடமாக ஒவ்வொரு புதனும் அவருடைய பையைத் திறந்து, அதே மூக்குக்கண்ணாடியையும் அதே குடையையும் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்து உள்ளே விடுவான்.

அவர் சேர்ந்தபோது பதினொரு பேர் இருந்தார்கள். சிலர் முதியோர் இல்லத்துக்குப் போனார்கள், சிலர் சிட்னிக்கு மகளிடம் போனார்கள், சிலர் சிட்னியையும் தாண்டித் திரும்பிவராத இடத்துக்கே போய்விட்டார்கள். மிஞ்சியது மூவர். நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மிரியம், இரண்டாம் பக்கத்திலேயே தூங்கிவிடும் தொண்ணூற்றிரண்டு வயது லொட்டி, யோகராணி. மிரியம் பேசுவார், லொட்டி குறட்டை விடுவார், யோகராணி கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டு வருடத்தில் புத்தகத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனதுக்குள் ஆங்கில வசனத்தைக் கட்டி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருக்கும். இருந்தாலென்ன? அந்த வட்டத்தில் அவருக்கென்று ஒரு கதிரை இருந்தது.

அப்போதுதான் நிர்வாகக் குழுவின் கடிதம் வந்தது. மாத முடிவில் ஆறு வாசகராவது இல்லையென்றால் வாசகர் வட்டம் மூடப்படும். அறை உடற்பயிற்சி வகுப்புக்குப் போகும்.

மூன்று பேர் குறைகிறார்களா? யோகராணி மூன்று பேரைப் பெற்றார்.

மிரியம் புதனில் மட்டுமே வருவார். மற்ற நாட்களில் புத்தகம் எடுக்கிறவர் ஓர் அட்டையில் பெயர், தேதி, பின்பக்கம் தன் கருத்து எல்லாம் எழுதிப் பெட்டியில் போடவேண்டும். வட்டத்துக்கு வராவிட்டாலும் அவரும் வாசகர் கணக்கில் சேர்வார். யோகராணி வெற்று அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோய், தான் பெற்ற மூவர் பெயரிலும் எழுதினார். ரோஸ் எதைப் படித்தாலும் அழுதாள். எஸ்டெல் எழுத்தாளரோடு சண்டை பிடித்தாள். டொக்டர் சைமனுடைய எழுத்து அவருக்கே விளங்காது. மூவருக்குமான புத்தகங்களையும் யோகராணியே சுமந்துபோய், ஒரு வரி விடாமல் படித்தார். பொய்யானாலும் வேலை சுத்தமாக இருக்கவேண்டுமல்லவா!

தேதிதான் காலை வாரியது. சனிக்கிழமைகளில் நல்ல உடுப்போடு குடும்பம் குடும்பமாக அங்கே போகிறவர்களை அவர் ஜன்னலால் பார்த்திருக்கிறார். வேலைப்பளு உள்ள டொக்டர் வேறெப்போது வருவார்? கும்பிட்டுவிட்டுப் போகிற வழியில் ஒரு புத்தகம் எடுப்பார். கரம் டவுன்ஸ் கோயிலில் பூசை முடிந்ததும் யோகராணி கன்ரீனில் வடை எடுப்பதில்லையா? டொக்டரின் அட்டைகளில் எல்லாம் சனிக்கிழமை விழுந்தது.

மாதக் கடைசிப் புதன். மிரியம் அட்டைகளை மேசையில் பரப்பினார். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் யோகராணியின் காது எதையும் யாழ்ப்பாணத் தமிழாக்கித்தான் உள்ளே விடும்.

“ராணி, இந்த டொக்டரை நீர் கண்டனீரோ?”

“ஓம், ஒருக்காக் கண்டனான். நல்ல உயரம். கொஞ்சம் நொண்டி.”

“சனிக்கிழமையோ வந்தவர்?”

“ஓம், கும்பிட்டிட்டுப் போகேக்க.”

“கும்பிட்டிட்டு, பேனை எடுத்துப் பேர் எழுதினவர்?”

“ஓம்.”

“சனிக்கிழமை எங்கட ஓய்வு நாள், ராணி. அண்டைக்கு நாங்கள் எழுதிறேல்லை. நூலகமும் பூட்டு.”

மிரியம் அடுத்த அட்டையை எடுத்தார்.

“ரோஸ்?” என்றார். யோகராணி தலையைக் குனிந்தார்.

“எஸ்டெல்லுமோ?”

“எஸ்டெல்லும்தான்.”

மிரியம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபமாக இருந்திருந்தால் யோகராணி தாங்கியிருப்பார்.

“ரெண்டு கிழமையா எஸ்டெல்லுக்கு ஒரு மறுமொழி யோசிச்சு வைச்சிருந்தனான். என்ர வீட்டிலயும் ஆர் இருக்கினம், சொல்ல? அந்தக் கதையில மகனோட போகமாட்டன் எண்டு நிண்ட தாயைப் பற்றி எஸ்டெல் எழுதினது முழுப் பிழை.”

“பிழையில்லை.”

யார் சொன்னது என்று யோகராணியே ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.

“பிழையில்லை, மிரியம். மகன் கூப்பிட்டது தன்ர மனச்சாட்சிக்கு. அவ போயிருந்தா அந்த வீட்டில ஒரு சாமான் மாதிரி இருந்திருப்பா. தனிய இருந்தா, தனிய இருக்கிறதாவது அவவுக்குச் சொந்தம்.”

ஆங்கில இலக்கணம் எங்கோ தடுக்கி விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. நாற்பது நிமிடம் பேசினார். மிரியம் மறுத்தார், மேசையில் தட்டினார், ஒருமுறை “நீர் எஸ்டெல்லிலும் மோசம்!” என்று சத்தமாகச் சிரித்தார். லொட்டி எழும்பி, “எனக்கும் அந்தப் பொம்பிளையைப் பிடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார்.

பன்னிரண்டு மணிக்கு லொட்டியை அழைத்துப்போக டாக்சி வந்தது. மிரியம் குழுவுக்கான படிவத்தை எடுத்து, வாசகர் தொகை என்ற இடத்தில் பேனையை வைத்தார்.

“பொய் எழுதேலாது, ராணி.”

“தெரியும். மூண்டெண்டு போடுங்கோ.”

போட்டார். அடுத்த கிழமைக்கு உடற்பயிற்சி வகுப்புக்காரருக்கு வெறும் தரை வேண்டும். இருவருமாகக் கதிரைகளை மடித்துச் சுவரோரம் சாய்த்தார்கள். மடிக்கும்போதும் யோகராணி பேசினார். மிரியம் விளக்கை அணைக்கும்போதும், கதவைப் பூட்டும்போதும், டிராம் தரிப்பிடம் வரைக்கும் யோகராணி பேச்சை நிறுத்தவில்லை. அந்தத் தாய் கடைசியில் கதவைச் சாத்தினாளே, அதை எல்லாரும் கோபம் என்கிறார்கள். அது கோபமில்லை, அது வந்து...

மிரியத்தின் டிராம் வந்துவிட்டது. அவர் ஏறி, ஜன்னலால் கையசைத்தார். யோகராணி வசனத்தின் நடுவில் நின்றார். தரிப்பிடத்தில் வேறு யாரும் இல்லை. மிச்ச வசனத்தை மெல்ல முணுமுணுத்தபடி வீட்டை நோக்கி நடந்தார்.