மூடி மாமா

பக்கத்து மேசைக்காரர் திறந்துவைத்த ஃபிளாஸ்கை மூடிவிட்டுத்தான் மாமா தன் சாப்பாட்டுப் பையைப் பிரிக்கிறார். மூடியில்லாத பேனா கண்ணில் பட்டால் அதற்கும் மூடி தேடுவார். எங்கள் ஆலையில் அவருக்கு மூடி மாமா என்றே பெயர். "மாமா பக்கத்துல கொட்டாவிகூட விட முடியாது. வாயையும் மூடிடுவாரு" என்பார் பாய்லர்காரர்.

மாவைச் சர்க்கரைப் பாகாக்கும் ஆலை அது. முன்பு அமிலம் ஊற்றிக் கொதிக்கவைத்தார்கள். குழாய் அரித்தது, பாகு கறுத்தது. இப்போது என்சைம் எனும் நொதித் தூள். ஒரு தொட்டிக்கு ஒரு சிறு வாளி போதும். கூழாகக் கிடந்த மாவு இளகி, இனிக்கத் தொடங்கிவிடும். அந்தத் தூளை நிறுத்துப் போடுபவர் மாமா. "நாம தூங்கினாலும் அது தூங்காது. மாவக் கண்டா விடாது" என்பார், தான் பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல.

தூள் பறந்தால் மூச்சில் ஏறும். பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு ஒவ்வாமல் போய்விடும். பிறகு துளித் தூசி பட்டாலும் நெஞ்சு அடைக்கும். மாமாவின் மனைவிக்கு ஒரு தம்பி; மாமாவோடு இதே வேலை பார்த்த அவருக்கு அப்படித்தான் ஆனது. இன்று அவர் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். மாமா மூடிகளைத் தேட ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

ஊரையே சிரிக்கவைப்பார், தான் சிரிக்கமாட்டார். சிரித்தால் இருமல் வரும். வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போய்விடுவார்.

"போய் அந்த மூச்சுச் சோதனைக் குழாய்ல ஊதிக் காட்டிட்டு வந்தா என்ன? குழாய் கடிக்கவா போகுது?" என்று மனைவி தினமும் கேட்கிறார்.

"உன் தம்பி ஊதுற வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்? தெரியாத வரைக்கும் இது வெறும் சளி."

நேற்று ஆலை நர்ஸ் பிடித்துவிட்டார். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குழாயை நீட்டி, "ஒரே ஒரு ஊது மாமா. மூடியக் கழட்டிட்டு ஊதணும், உங்களுக்குச் சொல்லணுமா?" என்றார்.

மாமா மூடியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். குழாயை உதட்டருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சில் மெல்லிய விசில் ஒன்று கேட்டது. நர்ஸுக்கும் கேட்டது, வாசலில் நின்ற எனக்கும் கேட்டது.

அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். குழாயைக் கீழிறக்கினார். உள்ளங்கையை விரித்து, மூடியை எடுத்து, குழாயின் வாயில் பொருத்தி, கட்டைவிரலால் அழுத்தி மூடினார்.