மொட்டைமாடியில் எண்ணிய மூச்சு

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் நான் லோடு ஆளாக இருந்தேன். லாரியில் வரும் பேலை முதுகில் வாங்கிக் கிடங்கில் இறக்குவது வேலை. பேல் என்றால் சாக்கு வைத்துத் தைத்து, இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய துணி மூட்டை. இரண்டு பேர் தூக்கி முதுகில் வைத்த பிறகு நிற்கக் கூடாது. நின்றால் பாரம் கூடும். இது எழுபதாம் வருஷத்துக்கு முன்னே பின்னே. வருஷம் எனக்குச் சரியாக நிற்காது. பாண்டிபஜாரில் அப்போது மரங்கள் அதிகம், லாரி ஒதுங்கினால் கிளை உரசும், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இடுப்பு பிடித்துக்கொண்டது பேல் சுமந்து அல்ல. மயிலாப்பூர் மாடவீதியில் ஒரு வீட்டுக்கு இரண்டு ஜமக்காளம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார் முதலாளி. அந்த வீட்டு அம்மா மொட்டைமாடியில் தினமும் காலையில் ஏழெட்டுப் பேரோடு ஆசனமும் தியானமும் செய்துவந்தார். அதற்குத்தான் விரிப்பு. ஜமக்காளம் என்ன பெரிய பாரம் என்று இரண்டையும் ஒரே தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்துப் படி வழியாக இரண்டு மாடி ஏறிவிட்டேன். கீழே வைக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை.

அந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பதறவில்லை, ஆளைக் கூப்பிடவில்லை. ஜமக்காளத்தை விரித்தார்.

“இதுலயே மெதுவா சாஞ்சுக்கோ. எழுந்துக்கப் பாக்காதே. மூச்சை விட்டுண்டிரு, போறும்.”

புது ஜமக்காளத்தில் அழுக்கு வேட்டியோடு கிடந்தேன். நல்ல பகலில் வானத்தைப் பார்த்துப் படுத்தது எனக்கு அதுதான் முதல் தடவை. கோபுரத்துப் புறாக்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தன. அரைமணி கழித்து ஒருக்களித்துத் திரும்பி எழுந்திருக்கச் சொன்னார். எழுந்துவிட்டேன். நாளைக் காலையிலிருந்து வா என்றார்.

முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கெட்டவர் இல்லை. முதுகுக்குத் தேய்க்க எண்ணெய் அவரே வாங்கிக் கொடுத்தார். ஆனால் கடை கடைதான். “தீவாளி லோடு வரும்லா, அதுக்குள்ள தேறி வந்துரு. இல்லன்னா வேற ஆளத்தான் பாக்கணும், பாத்துக்க” என்றார். தீபாவளிக்கு இரண்டு மாசம் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன் நான். அந்த முதுகை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு தெரியாது. அதுவரைக்கும் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அது பெண்பிள்ளைகள் வேலை என்று கூட இருந்த லோடு ஆள் சிரிப்பான்.

அடையாற்றங்கரையில் எங்கள் குடிசை. முதல் பஸ்ஸைப் பிடித்து மயிலாப்பூரில் இறங்கினால் குளத்தில் அப்போதுதான் வெளிச்சம் விழும். முதல் நாள் மொட்டைமாடியில் எல்லாரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், பள்ளி டீச்சர்கள் இரண்டு பேர், இன்னும் சிலர். நான் ஓரமாக வெறும் தரையில் உட்கார்ந்தேன். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை, நானாகத்தான் உட்கார்ந்தேன். மறுநாள் அந்த அம்மா விரிப்பின் முனையை என் பக்கம் இழுத்துவிட்டார்.

“நீ தூக்கிண்டு வந்த ஜமக்காளம். நீயே தரையில உக்காந்தா நன்னாவா இருக்கு?”

முழங்காலை மடக்கி மார்போடு கட்டிக்கொள்வது, குப்புறப் படுத்துப் பாம்பு மாதிரித் தலையைத் தூக்குவது என்று எனக்கு மட்டும் நாலைந்து ஆசனங்கள் தனியாகச் சொல்லிக் கொடுத்தார். அதெல்லாம் வந்தது. தியானம்தான் வரவில்லை. அவர்கள் வழக்கம் முதலில் தியானம், பிறகு ஆசனம். கண்ணை மூடினால் எனக்குத் தொடை அரிக்கும், கிடங்கு ஞாபகம் வரும். சொன்னேன். மூச்சை எண்ணு என்றார் அந்த அம்மா.

லோடு இறக்கும்போது நாங்கள் யாரும் ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டோம். முதல் பேலுக்கு லாபம் என்று சொல்வோம், அடுத்தது ரெண்டு, மூணு. உரக்கச் சொல்ல வேண்டும், எண்ணிக்கை நாலு பேர் காதில் விழ வேண்டும். அந்தப் பழக்கத்தில் மறுநாள் கண்ணை மூடி, “லாபம்” என்று ஓங்கி ஆரம்பித்தேன். பாங்கிப் பெரியவர் குலுங்கிச் சிரித்தது ஜமக்காளத்தில் எனக்குத் தெரிந்தது. அந்த அம்மா மட்டும், லாபமே இருக்கட்டும், மனசுக்குள் சொல் என்றார்.

மனசுக்குள் சொன்னேன். லோடில் இன்னொரு பழக்கமும் உண்டு. எண்ணுகிறவர் போதும் என்று சொல்லும்வரை இறக்குகிறவன் நிறுத்த மாட்டான். அன்றைக்கு எல்லாரும் கண் திறந்து, ஆசனம் முடித்து, இறங்கிப் போயிருக்கிறார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, நன்றாக உட்கார்ந்திருக்கிறான் என்று விட்டுவிட்டார்களாம். வெயில் சுரீரென்று முகத்தில் அடித்தது. அந்த அம்மா ஈரப்புடவை உலர்த்த வாளியோடு வந்தார்.

“இன்னுமா உக்காந்துண்டிருக்கே?”

“போதும்னு நீங்க சொல்லலியேம்மா.”

வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எத்தனை எண்ணினாய் என்று கேட்டார். நானூறு சொச்சம் என்றேன். எழுந்து நின்ற பிறகுதான் கவனித்தேன், இடுப்பு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு மாசம் போனதும் உடம்பு தெம்பாகிவிட்டது. வாலிபத்தில் நான் கர்லாக்கட்டை சுற்றினவன், உட்கார்ந்து உட்கார்ந்து எழும் பஸ்கி போட்டவன். மற்றவர்கள் வருவதற்குள் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று முப்பது பஸ்கி போடுவேன். அதற்குப் பிறகு ஆசனம், கடைசியில் தியானம் என்று செய்தால் தொடை அரிப்பதே இல்லை. வண்டி சூடாகாமல் கியர் போட்டால் நொண்டும் இல்லையா, அதுபோலத்தான் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் யோசித்தார். மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு தானும் ஐந்து பஸ்கி போட்டுப் பார்த்தார். அந்த வாரத்திலிருந்து எல்லாருக்கும் அதுவே வரிசையானது. சிரித்த பாங்கிப் பெரியவருக்கு இரண்டோடு முழங்கால் நின்றுவிடும். மூன்றாவதை நான் பார்க்காதபோது போட்டதாகச் சொல்வார்.

தீபாவளி லோடு ஒரு காலையில் வந்தது. லாரி பக்கத்தில் புதிதாக ஓர் ஆள் துண்டைச் சும்மாடு சுற்றிக்கொண்டு நின்றான். வாட்டசாட்டமான ஆள். முதலாளி என்னைப் பார்த்தார், அவனையும் பார்த்தார். நான் சட்டையைக் கழற்றிவிட்டு நடுத்தெருவில் பத்து பஸ்கி போட்டேன். நின்றபடி கண்ணை மூடினேன். லாபம், ரெண்டு, மூணு.

“இன்னா நைனா, லோடு எறக்க வந்தியா, சாமி ஆட வந்தியா? கற்பூரம் வேணுமா?” என்றான் கூட்டாளி.

பத்து மூச்சு முடித்துத்தான் கண் திறந்தேன். முதுகைக் காட்டினேன். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிப் பேலை வாங்கினேன், பஸ்கி மாதிரியே எழுந்தேன். முதலாளியே, “லாபம்” என்று உரக்கச் சொல்லி எண்ணத் தொடங்கினார். புது ஆளும் அன்றைக்குச் சுமந்தான், பிறகு கிடங்கு உள்வேலைக்கு அவனை வைத்துக்கொண்டார்கள். கடைசிப் பேல் இறங்கியதும் முதலாளி போதும் என்றார். அப்புறம் என் பக்கம் வந்து, “அடுத்த லாரிக்கும் அந்தக் குதியாட்டத்தப் போட்டுட்டே வாலே” என்றார்.

மறுநாள் மொட்டைமாடியில் அந்த அம்மா எத்தனை என்று கேட்டார். இருபத்திரண்டு என்றேன்.

“மூச்சா, பேலா?”

“பேலுதாம்மா. முதுகுல ஏறுனப்புறம் மூச்சை எண்ண மறந்துட்டேன்.”

சரி, இன்றைக்கு எண்ணிக்கொள் என்று சொல்லிவிட்டு, பஸ்கி போடச் சுவரைப் பிடித்தார்.